விதான ஓவியத்தின் மேல் பூசிய பளபளப்புப் பூச்சு ஏன் மஞ்சளாகி உரிகிறது? தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

கேட்டவர் சொல்வதன் சுருக்கம் இது: ஊர்க் கோயிலின் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் திருப்பணி நடந்தபோது, நிறம் மங்காமல் இருக்கட்டும் என்று நிறமில்லாத ஒரு பூச்சை அடித்திருக்கிறார்கள். இப்போது அது மஞ்சளாகிச் சுருண்டு உரிகிறது. உரியும் இடத்தில் ஓவியமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. "பிளாஸ்டிக் மக்கவே மக்காது என்கிறார்களே, இது மட்டும் எப்படிக் கெட்டது? தின்னர் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். தின்னர், அசிட்டோன், டர்பன்டைன் எதுவும் வேண்டாம். ஈரத்துணியும் வேண்டாம். சுருண்டு தொங்கும் பொருக்கைக் கையால் கிள்ளி எடுக்கவும் விடாதீர்கள். இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: தரையில் தானாக உதிர்ந்து கிடக்கும் துண்டுகளைச் சுத்தமான காகித உறையில் எடுத்து, எந்த இடத்துக்கு நேர் கீழே கிடந்தது, எந்தத் தேதி என்று உறைமேல் எழுதி வையுங்கள். அந்தத் துண்டுகள் பின்னால் மிகவும் உதவும்.

இனி, ஏன் கெட்டது என்பது.

மக்குவது வேறு, கெடுவது வேறு. மொட்டைமாடியில் இரண்டு மூன்று கோடை வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பாருங்கள். கைப்பிடி கையோடு வந்துவிடும். வாளி மண்ணோடு மண்ணாகவில்லை, ஆனால் வாளியாகவும் இல்லை. பிளாஸ்டிக்கும் இந்த மாதிரிப் பூச்சுகளும் பாலிமர் என்ற ஒரே இனம். பாலிமர் என்பது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிருக்கு அந்தக் கண்ணிகளை அறுக்கும் வலு இருக்கிறது. அறுந்த முனையில் காற்றின் ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்கிறது. அதிலிருந்து இன்னொரு கண்ணி அறுபடுகிறது. இப்படித் தொடங்கினால் இரண்டு விதமாகப் போகலாம். சங்கிலிகள் துண்டு துண்டாகி, படலம் நொறுங்கிப் பொடியாகும். அல்லது பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை போலாகிவிடும். வலையானால் எந்தக் கரைப்பானிலும் முழுமையாகக் கரையாது, ஊறி உப்பும், அவ்வளவுதான். பூசிய அன்று தின்னரில் சர்க்கரை போலக் கரைந்த பொருள், இருபது ஆண்டு கழித்து ஏன் அசைய மறுக்கிறது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எல்லாப் பூச்சும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. நம் நாட்டுப் பழங்கட்டடங்களில் அதிகம் காணக்கிடைப்பவை சிலதான். ஒன்று பாலிவினைல் அசிட்டேட். தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை இருக்கிறதே, அந்தக் குடும்பம். இரண்டாவது பாலிமெத்தில் மெதாக்ரிலேட், கடைப் பெயர்ப்பலகைகளில் வரும் அக்ரிலிக் தகட்டின் சரக்கு. மூன்றாவது பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். எத்தில் மெதாக்ரிலேட்டும் மெத்தில் அக்ரிலேட்டும் சேர்ந்தது. உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் நம்பும் பொருள் அது. அப்புறம் எப்பாக்சி, அரால்டைட் வகை. ஒளி படும் இடத்தில் எப்பாக்சி மஞ்சளாவது உறுதி. அது பிறக்கும்போதே வலைதான், ஆகவே கரைத்து எடுக்கும் பேச்சே இல்லை.

உங்கள் விதானத்தில் எது இருக்கிறது என்று வெறும் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மஞ்சள் நிறத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். பாரலாய்டு பி-72 தானாக அவ்வளவு மஞ்சளாகாது. பாலிவினைல் அசிட்டேட்டும் தன்னளவில் அதிகம் நிறம் மாறாது, ஆனால் எண்ணெய் விளக்குப் புகையையும் கற்பூரக் கரியையும் உள்ளே வாங்கிக்கொண்டு பழுப்பேறும். அது ஏன் வாங்கிக்கொள்கிறது என்பது நம் ஊருக்கென்றே உள்ள ஒரு சங்கதி.

ஒவ்வொரு பாலிமருக்கும் ஓர் இளகும் வெப்பநிலை உண்டு. பாடப்புத்தகத்தில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பார்கள். அதற்குக் கீழே அது கண்ணாடி போல விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் வெயிலில் வைத்த கமர்கட்டு போல இளகி ஒட்டும். பாலிவினைல் அசிட்டேட்டுக்கு அது சுமார் 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் கூடினால் இன்னும் குறையும். பாரலாய்டு பி-72க்குச் சுமார் 40 டிகிரி. பாலிமெத்தில் மெதாக்ரிலேட்டுக்கு 100க்கு மேல். இப்போது நம் சித்திரை, வைகாசியை நினைத்துப் பாருங்கள். நிழலிலேயே 40ஐத் தொடும், நேர் வெயில் படும் கருங்கல் 50 டிகிரியைத் தாண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் பாலிவினைல் அசிட்டேட் படலம் பிசுபிசுவென்று இருக்கும். பறக்கிற தூசி, புகை, ஒட்டடை எல்லாம் அதில் பதிந்து, இரவில் விறைக்கும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதன்பின் அது பூச்சின் மேல் படிந்த அழுக்கு அல்ல, பூச்சின் உடம்பாகவே ஆகிவிட்டது. ஒட்டடைக் குச்சியால் தட்டினால் போகாது.

பிட்ஸ்பர்க் நகரின் மெல்லன் நிறுவனத்தில் வேலை செய்த ராபர்ட் ஃபெல்லர் என்ற வேதியியலாளர் 1950களிலிருந்து இந்தப் பிசின்களை ஒளியில் வைத்து வைத்துச் சோதித்தார். 100 ஆண்டுக்கு மேல் தாங்குபவை முதல் தரம், 20 முதல் 100 ஆண்டு வரை இரண்டாம் தரம், 20க்குள் கெடுபவை மூன்றாம் தரம் என்று வகுத்தவர் அவர். பாரலாய்டு பி-72 முதல் தரத்தில் வந்தது. ஆனால் அந்தக் கணக்கு அருங்காட்சியகத்தின் மிதமான ஒளிக்கும் குளிர்ச்சிக்கும் போட்டது. கோபுரத்தின் மேற்கு முகத்துக்கோ வௌவால் அடையும் மண்டபத்துக்கோ போட்டதல்ல. "முதல் தரப் பொருள்தானே பூசினோம்" என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரியை மறந்துவிடுகிறார்கள்.

சரி, படலம் மூப்படைவது பாதிக் கதைதான். அது உரியும்போது ஓவியத்தையும் ஏன் இழுத்துக்கொண்டு போகிறது? என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயத்தின் உயிர் இங்கேதான். யாராவது பழங்கட்டடத்தில் எதையாவது பூசலாம் என்றால், நான் கேட்கும் முதல் கேள்வி பூச்சின் பெயர் அல்ல. "உள்ளே இருக்கும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?" என்பதுதான்.

பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். தரையிலிருந்து ஓதம் ஏறும், தளத்திலிருந்து கசியும். அந்த ஈரம் வெறுங்கையோடு வருவதில்லை, உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வௌவால் எச்சத்திலிருந்து நைட்ரேட். கடலோர ஊர் என்றால் சாப்பாட்டு உப்பேதான். தளத்து ஒழுகலை அடைக்கிறேன் என்று சுண்ணாம்புக்காரையின் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் அதிலிருந்து சல்பேட்டுகள். பூச்சு இல்லாத சுவரில் இந்த ஈரம் மேற்பரப்புக்கு வந்து உலரும், உப்பு வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் மென்மையான தூரிகையால் தட்டினால் பெரும்பாலும் போய்விடும். உப்பு வெளியே வந்துவிட்டது என்பதுதான் அதில் நல்ல செய்தி.

மேலே ஒரு படலத்தைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் மேற்பரப்பு வரை வர முடியாமல் படலத்துக்குப் பின்னாலேயே உலர்கிறது. உப்பு அங்கேயே படிகமாகிறது. சோடியம் சல்பேட் உலர்ந்த நிலையிலிருந்து தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு படிகமானால் பருமன் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு முறை, ஒவ்வொரு வெயிலுக்கும் ஒரு முறை என்று அந்தப் படிகங்கள் உள்ளிருந்து நெம்புகின்றன. நிறத்தைத் தாங்கும் மெல்லிய சுண்ணாம்புத் தோல் பொரிந்து பொடியாகிறது. ஓவியத்தின் நிறத்துகள்களோ மேலே பூச்சில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, பின்னால் பிடிமானம் இல்லை. பூச்சு சுருளும்போது ஓவியமும் அதோடு வருகிறது. காப்பாற்றப் பூசியது, ஓவியத்தைச் சுவரிலிருந்து பிரிக்கும் ஒட்டுத்தாளாக ஆகிவிட்டது. உங்கள் விதானத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது உங்கள் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டமல்ல. மெக்சிகோவில் சோலூலா, மாயப்பான் போன்ற இடங்களின் பழஞ்சுவரோவியங்களில் அக்ரிலிக், வினைல் பிசின்களைப் பூசினார்கள். ஈரமும் வெப்பமும் உப்பும் சேர்ந்த அந்தச் சூழலில், பூசாமல் விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடியதை விட வேகமாக ஓவியங்கள் பொடிந்தன. அஜந்தாவின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். 1920 முதல் 1922 வரை ஐதராபாத் நிஜாம் அரசு அழைத்து வந்த இத்தாலிய வல்லுநர்கள் செக்கோனியும் ஓர்சினியும் உதிரும் ஓவியங்களை ஒட்டி நிறுத்தினார்கள். அந்த வேலை பல இடங்களில் ஓவியத்தைக் கீழே விழாமல் காப்பாற்றியது உண்மை. ஆனால் மேலே பூசிய அவலரக்கு (ஷெல்லாக்) நாளாக ஆகப் பழுப்பேறி, கரையாத பொருளாக இறுகியது. அரக்கு பூச்சியிலிருந்து வருவது, செயற்கையானதல்ல. இருந்தாலும் அதுவும் வலையாகப் பின்னிக்கொள்ளும் பொருள்தான். பின்னாளில் அங்கே பாலிவினைல் அசிட்டேட்டும் பூசப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினால், கோயில் கோயிலாக அம்மோனியா போட்டுக் கழுவி, காய்ந்தபின் டொலுயின் என்ற கரைப்பானில் கரைத்த பாலிவினைல் அசிட்டேட்டையோ மெதாக்ரிலேட்டையோ பூசிய குறிப்புகள் பத்தாண்டுக் கணக்கில் வரும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் புதிய அறிவு. நிறமற்றது, பூஞ்சை தின்னாதது, வேண்டாமென்றால் கரைத்து எடுத்துவிடலாம் என்ற மூன்று நம்பிக்கையும் சேர்ந்து வந்த பொருளை யார்தான் ஒதுக்குவார்கள்? மூன்றாவது நம்பிக்கைதான் காலை வாரியது.

அந்த மூன்றாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன், உங்கள் தின்னர் கேள்வி அதில்தான் அடங்கியிருக்கிறது. கண்ணாடிப் புட்டியில் கரைவது வேறு, சுவரின் நுண்துளையில் கரைவது வேறு. தின்னரைத் தொட்டுத் துடைக்கும்போது படலத்தின் ஒரு பகுதி பஞ்சில் வரும், நிஜம். மீதி, நீர்த்த கரைசலாகித் துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். தின்னர் ஆவியானதும் அங்கேயே உறையும். மேலே துடைத்த இடம் பளிச்சென்று தெரியும், ஓராண்டு கழித்து உள்ளே அடைத்துக்கொண்ட வேலை தெரியவரும். அதோடு, துடைக்கும் அசைவிலேயே தளர்ந்த நிறத்துகள் பஞ்சோடு வந்துவிடும். ஒரு கோயிலில் இப்படித் துடைத்த பஞ்சுகளைப் பிறகு என்னிடம் காட்டினார்கள். பழுப்பு அழுக்குக்கு நடுவே காவிச் சிவப்பு தெரிந்தது. அது ஒரு தேவியின் சேலைக் கரை. அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் எடுக்கவே முடியாதா? முடியும், பொறுமையாக. 1966 நவம்பர் 4 அன்று ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்துத் தேவாலய ஓவியங்களை எல்லாம் மூழ்கடித்தது. சுவரில் ஏறிய உப்புகளோடு போராடியதில்தான் அங்கே இந்தத் துறைக்குப் புதிய வேதியியல் பிறந்தது. என்சோ ஃபெர்ரோனி தொடங்கிய அந்த வழியில் வந்த பியரோ பல்யோனியும் குழுவினரும், பழைய பாலிமர் பூச்சை எடுக்க நுண்குழம்பு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கரைப்பான் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மிகச்சிறு துளிகளாக மிதக்கும். காகிதக் கூழில் அதை ஊறவைத்து, நடுவே மெல்லிய ஜப்பானியத் தாளை வைத்துச் சுவரில் பற்றுப் போடுவார்கள். பூச்சு கரைந்து உள்ளே ஓடுவதில்லை. ஊறி, உப்பி, சுவரைவிட்டு நழுவுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பிசின் துளைக்குள் திரும்ப இறங்குவதும் தடுக்கப்படுகிறது. மெக்சிகோ ஓவியங்கள் சிலவற்றில் இந்த முறையில்தான் பூச்சை அகற்றினார்கள். இன்னொரு வழி, கரைப்பானைக் கூழ்மத்தில், அதாவது ஜெல்லில், அடக்கி வைப்பது. நோன்புக் காலத்தில் கடல்பாசி செய்வார்களே, அந்த அகர் கூழ்மமும் அதில் ஒன்று. ஈரத்தைச் சிந்தாமல் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் அதன் குணம்.

ஆனால் இதையும் நீங்களே வாங்கிப் போடுகிற காரியமாக நினைக்க வேண்டாம். நம் பிற்கால ஓவியங்களில் பல, உலர்ந்த சுண்ணாம்பின் மேல் பசை கலந்த நிறத்தால் எழுதியவை. அவற்றுக்குத் தண்ணீரே எதிரி. ஈரச் சுண்ணாம்பில் எழுதியவை வேறு ரகம். 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் எஸ். கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தபின், சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் சாந்தையும் நிறத்தையும் ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பில் எழுதிய முறை அது என்று காட்டினார். எந்த மருந்தையும் பூசுவதற்கு முன் சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை நம் பக்கத்தில் நிறுவியவர்களில் அவர் முக்கியமானவர். உங்கள் விதானத்துக்கும் அந்த ஆய்வுதான் முதல் படி.

தஞ்சையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. சோழர் ஓவியத்தின் மேல் இருந்த நாயக்கர் ஓவியங்களைத் தொல்லியல் துறை தனியே பிரித்து எடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றியது. கண்ணாடியிழைப் பலகையும் செயற்கைப் பிசின்தான். ஆனால் அங்கே பின்னாலிருந்து ஓதம் ஏறாது, மழை கசியாது. அதே குடும்பத்துப் பொருள், தண்ணீர் வராத இடத்தில், தன் வேலையைச் செய்கிறது. ஆகவே பாலிமர் என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. உடைந்த சிலையின் விரலை ஒட்ட, உதிரும் ஒரு துணுக்கை வேலை முடியும் வரை தாளால் பிடித்து வைக்க, அதைவிட நல்ல பொருள் இல்லை. கல்லை எப்பாக்சியால் ஒட்ட நேர்ந்தால், முதலில் ஒட்டும் முகத்தில் பாரலாய்டைப் பூசிவிட்டு அதன்மேல் எப்பாக்சி வைப்பார்கள். பின்னால் பிரிக்க வேண்டி வந்தால் அந்த நடுப்படலம் கரைந்து வழிவிடும். இவையெல்லாம் சிறிய இடம், தெரிந்த அளவு. சுவர் முழுவதையும் மூடுவதுதான் தவறு.

பூச்சை எடுத்தபின் பலவீனமான சுண்ணாம்பை எதனால் கெட்டிப்படுத்துவது? சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே நல்லது. தெளிந்த சுண்ணாம்பு நீர் பழைய முறை. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் சொச்சம்தான் சுண்ணாம்பு கரையும் என்பதால், பத்துத் தடவை, இருபது தடவை தெளித்தாலும் சுவருக்குக் கிடைப்பது கொஞ்சம், குடிக்கும் தண்ணீரோ ஏராளம். அதற்குப் பதில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை ஆல்கஹாலில் கலந்து செலுத்தும் முறை 2000ஐ ஒட்டி அதே ஃபுளோரன்ஸ் குழுவிடமிருந்து வந்தது. ஆல்கஹால் பறந்துவிடும், துகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிச் சுண்ணாம்புக்கல்லாகவே மாறும். துளை அடைபடாது, சுவர் தொடர்ந்து மூச்சு விடும். மணற்கல் போன்றவற்றுக்கு எத்தில் சிலிகேட் உண்டு, அது உலர்ந்தால் சிலிக்காவாகிவிடும். ஆனால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. சுண்ணாம்பின் மேல் அது அவ்வளவாகப் பிடிப்பதுமில்லை. உங்கள் விதானத்துக்கு யாராவது அதைப் பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள்.

இனி உங்கள் கோயிலுக்கு வருகிறேன். முதல் வேலை ஓவியத்தில் அல்ல, தளத்தில். மேலே ஏறி ஒழுகல் எங்கே, மழைநீர் போகும் தூம்பு அடைத்திருக்கிறதா, தளத்தின் விரிசலில் செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிமெண்ட் பூசியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு இடிக்க வேண்டாம். ஒழுகல் நிற்காமல் கீழே யார் எவ்வளவு நுட்பமாக வேலை செய்தாலும் இரண்டு மழைக்குள் வீணாகிவிடும். விதானத்துக்கு நேர் கீழே விளக்கேற்றுவதையும் கற்பூரம் காட்டுவதையும் சில அடி தள்ளி வைக்க முடியுமா என்று குருக்களிடம் பேசிப் பாருங்கள். நிலைமையைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து, படம். நேராக ஒன்று, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒன்று. சாய்ந்த ஒளியில் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே சுருள்கிறது என்பது நிழலாகத் தெரியும். மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுங்கள். புற ஊதா டார்ச் கிடைத்தால் இருட்டில் ஒரு முறை அடித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் அவலரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அது வேறு வைத்தியம்.

அந்தக் காகித உறையில் எடுத்து வைத்த துண்டு இப்போதுதான் தேவைப்படும். அகச்சிவப்பு நிறமாலை ஆய்வுக்குக் கடுகளவு துண்டு போதும், பூச்சு எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். ஓவியத்தைத் தொடவே வேண்டியதில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடத்தையோ, மாநிலத் தொல்லியல் துறையையோ, கோயில் மத்தியப் பாதுகாப்பில் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவையோ கோயில் நிர்வாகம் வழியாக எழுத்தில் அணுகுங்கள். முடிந்தால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய திருப்பணிக் கணக்குப் புத்தகத்தைத் தேடுங்கள். எந்தக் கடையில் என்ன பெயரில் எத்தனை லிட்டர் வாங்கினார்கள் என்ற ஒரு வரி கிடைத்தாலே ஆய்வாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

யாராவது வேலைக்கு வந்தால், முதலில் ஓரமாக, முகமோ கையோ இல்லாத இடத்தில், இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதை அப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் மொத்த விதானத்தையும் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உறையிலிருக்கும் துண்டின் ஆய்வு முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். பாலிவினைல் அசிட்டேட்டா, அரக்கா, எப்பாக்சியா என்பதைப் பொறுத்து அடுத்துச் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன.